ஒரே எண்ணில் இரண்டு என்ஜின்

பார்சலை வாங்கி வைத்தவர் என் கணவர். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தபோது, அட்டைப்பெட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளே இருந்த சின்ன ரயில் என்ஜினைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உன்கிட்ட ஏற்கெனவே இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. அதே நீலம், அதே வெளிர்மஞ்சள் பட்டை, என் உள்ளங்கையைவிடச் சற்றே நீளமான அதே டீசல் என்ஜின். போன மாதம்தான் வந்தது. உள்ளறைக்குப் போய் அதை எடுத்து வந்து இதன் பக்கத்தில் வைத்தேன். பக்கவாட்டில் எழுதியிருந்த ஐந்து இலக்க எண்ணும் ஒன்றேதான்.

"கடைக்காரங்க தப்பா அனுப்பியிருப்பாங்க" என்றேன். போனை எடுத்துப் பார்த்தால் அவர்கள்மேல் தப்பில்லை. நான்தான் ஆர்டர் செய்திருந்தேன். ஒரு கடையில் ஒன்று, இன்னொரு கடையில் ஒன்று. முதலில் செய்த ஆர்டர்தான் இப்போது வந்திருக்கிறது. அதைச் செய்தது எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை.

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கமாக, மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ஒரே மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காகப் போயிருந்தபோதுதான் இந்த ரயில் என்னைப் பிடித்துக்கொண்டது. அவள் வீட்டுக்குப் பக்கத்து டிராம் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடை. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன ரயில் மலையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பால் வாங்கும் சாக்கில் போய்க் குளிரில் நிற்பேன். ஊர் திரும்புவதற்கு முன்னால் மகளே அந்தக் கடையில் ஒரு என்ஜினும் சில பெட்டிகளும் வாங்கிக் கொடுத்தாள். "உனக்குப் பொழுது போகும்மா" என்றாள்.

இதைக் கேட்கிறவர்கள் அடுத்து ஒன்று கேட்பார்கள். "உங்க அப்பா ரயில்வேயா? பொன்மலையில வேலையா?" இல்லை. அப்பா லால்குடியில் உரக்கடை வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் ரயில்வேயில் இருந்ததில்லை. ரயிலில் வைத்து எனக்கு நல்லதோ கெட்டதோ எதுவும் நடந்ததில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பெண்ணுக்கு ஒன்று சும்மா பிடித்திருக்கலாம் என்பதை இந்த ஊரில் ஒப்புக்கொள்ள வைப்பது பெரும்பாடு.

மகள் இருந்த அறையில் ப்ளைவுட் பலகை போட்டுத் தண்டவாளம் பதித்திருக்கிறேன். ஒரு ஸ்டேஷன், ஒரு சரக்குக் கொட்டகை, ஒரு பாலம். கரண்டு இணைப்பு கொடுத்தது கணவர். அதற்குமேல் அவர் தலையிடுவதில்லை. பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பதற்கு ஆபரேஷனில் ரத்தக்குழாயைப் பிடிக்கிற கத்தரி மாதிரியான கவ்வியைத்தான் பயன்படுத்துகிறேன். கை பழகிய கருவி. முன்பெல்லாம் வெளிநாட்டு ரயில்கள்தான் கிடைக்கும். இப்போது நம் ஊர் என்ஜின்களையே அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்ததில்தான் இந்தக் குழப்பம் வந்தது.

அன்று சாயங்காலமே மகளுக்குச் செய்தி போய்விட்டது. வீடியோவில் வந்தாள். முகத்தை வைத்திருந்த விதத்திலேயே தெரிந்தது, அப்பாவும் பெண்ணும் முன்னாடியே பேசிவிட்டார்கள்.

"அம்மா, நான் தப்பா சொல்லலை. ஒரே பொருளை ரெண்டு தடவை வாங்கியிருக்கே. வாங்கினதே ஞாபகமில்லைங்கிறே. இனிமே வாங்க வேண்டாமே. இருக்கிறதை வச்சு விளையாடேன்."

"விளையாட்டு இல்லை அது."

"சரி, ஓட்டேன். ஆனா போதும்மா. ஒரு டாக்டரையும் பார்த்துடலாம்."

மறுநாள் என் போனில் இருந்து கடைகளின் ஆப்கள் காணாமல் போயிருந்தன. கணவரிடம் கேட்டேன். "கொஞ்ச நாளைக்குத்தான். அவ சொன்னா" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். எத்தனையோ பேர் மயக்கத்தில் கிடக்க, உள்ளே போன பஞ்சும் வெளியே வந்த பஞ்சும் சரியாக இருக்கிறதா என்று நான் எண்ணிச் சொன்ன பிறகுதான் வயிற்றைத் தைப்பார்கள். அந்தப் பொறுப்பில் இருந்தவள் நான். என் போனை நான் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துத் திறந்திருக்கிறார்கள். அன்று நான் சமைக்கவில்லை. அவர் ஓட்டலில் இட்லி வாங்கி வந்தார்.

கோபம் ஒரு பக்கம். பயமும் இருந்தது. அதை அவர்களிடம் காட்டவில்லை. என் அம்மாவின் தங்கை கடைசி வருஷங்களில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் நிற்பார். அது எனக்குள்ளும் தொடங்கிவிட்டதோ என்ற நினைப்பு வந்துவிட்டது. அதனால்தான் டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டேன். அவர்கள் சொன்னதற்காக அல்ல.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போனோம். காவிரிப் பாலத்தில் வண்டி நகரவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, குடல் ஆபரேஷனுக்குத் தட்டில் கருவிகளை எந்த வரிசையில் அடுக்குவேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். சத்திரம் பஸ் நிலையம் வருவதற்குள் மூன்றாம் தடவையும் சொல்லிவிட்டேன்.

தில்லைநகரில் இருந்த அந்த நரம்பியல் டாக்டர் என் மகளைவிட இளையவள். வாழைப்பழம், சாவி, குடை, இதை ஞாபகம் வச்சுக்குங்க, அப்புறம் கேட்பேன் என்றாள். கடிகாரம் வரையச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். காய்கறிப் பெயர்களைக் கேட்டபோது நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போக, "போதும்மா, போதும்" என்று சிரித்தாள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தாள். முடிவுகளோடு திரும்பப் போனோம்.

"எல்லாம் நார்மல். வைட்டமின் கொஞ்சம் குறைவா இருக்கு, மாத்திரை தரேன். ஞாபகமில்லைன்னு சொன்னீங்களே, அந்த முதல் ஆர்டர் எப்பம்மா பண்ணீங்க?"

ஆர்டரில் பார்த்து வைத்திருந்த தேதியைச் சொன்னேன். கணவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எனக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன் நடந்த சமயம்" என்றார்.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. அன்று அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வாழ்நாளெல்லாம் கதவுக்கு உட்புறம் நின்றவள், முதல் தடவையாக வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்னென்ன தப்பாகப் போகலாம் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் பெரிய கொடுமை. போனை எடுத்து என்னவோ பார்த்துக்கொண்டிருந்தது நிழலாக ஞாபகம் வருகிறது. அந்த மத்தியானத்தில் வேறு எதுவும் மனதில் தங்கவில்லை.

"அந்த மாதிரி நேரத்துல யாருக்கும் ஞாபகம் நிக்காதும்மா" என்றாள் டாக்டர். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனாலும் வாங்குறதைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றாள்.

"அதையும் சீட்டுல எழுதித் தருவீங்களா டாக்டர்?"

"இல்லம்மா. சும்மா சொன்னேன்."

"அப்ப மாத்திரையை மட்டும் எழுதுங்க."

வீட்டுக்கு வந்ததும் கணவரின் கண் முன்னாலேயே ஆப்களை மறுபடி போனில் ஏற்றினேன். அவர் சமையலறைக்குப் போனார். காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "அன்னிக்கு என்னை நினைச்சு ரொம்ப பயந்துட்டியா?" என்றார். "ஆமா" என்றேன். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

மகளுக்கு மட்டும் ஆறவில்லை. "சரி, நார்மல். சந்தோஷம். ஆனா வீட்டுல இடமே இல்லையேம்மா. ஒரு கட்டத்துல நிறுத்தித்தானே ஆகணும்?"

"நிறுத்துவேன். எப்பங்கிறதை நான் சொல்றேன்."

"எப்படித் தெரியும் உனக்கு?"

தெரியும். மருத்துவமனையில் இன்னும் சில வருஷம் இருங்கள் என்றுதான் சொன்னார்கள். ஒரு நாள் மதியம், தையல் ஊசியைக் கவ்வியில் மாட்டி டாக்டரின் கையில் வைப்பதில் எனக்கு ஒரு இமைப்பொழுது தாமதமானது. அவருக்குத் தெரியவில்லை. அவர் கை நீட்டியபோது ஊசி அங்கே இருந்தது. ஆனால் எப்போதும் அவர் கை நீட்டுவதற்கு முன்பே அது அங்கே இருக்கும். அந்த வாரமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை. இதை மகளிடம் சொன்னேன். "அது வேலைம்மா, இது பொம்மை" என்றாள். போனை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது என்ஜினைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை. நிஜ ரயிலில் ஒரே எண்ணில் இரண்டு என்ஜின் இருக்காது. மெல்லிய தூரிகையை எடுத்து, எண்ணின் கடைசியில் இருந்த மூன்றை எட்டாக்கினேன். இரு பக்கமும், முன்னும் பின்னும். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. பிறகு இரண்டையும் சரக்கு ரயிலுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஓட்டினேன். கொள்ளிடம் பாலத்தில் கனமான சரக்கு வண்டி அப்படித்தான் போனதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

நவராத்திரி வந்தது. என் கணவரின் அக்கா உத்திர வீதியில் இருக்கிறார். அவர் வீட்டுக் கொலு பேர்போனது. கூடத்தை அடைத்துப் படி கட்டியிருப்பார். வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது வழக்கம். மீதி நாளெல்லாம் பொம்மைகள் பரணிலும் இரும்புப் பெட்டிகளிலும் தூங்கும். நான் போனபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் என்னைக் காட்டி, "இவதான் பொம்மை ரயில் வாங்குறவ. இப்ப நிறுத்திட்டா. டாக்டர்கிட்ட காட்டினோம்" என்றார்.

"நிறுத்தலைக்கா" என்றேன்.

"பரவாயில்லை, இங்க எல்லாரும் நம்மவங்கதான்."

"அதுக்கு இல்லை. நிஜமாவே நிறுத்தலை. டாக்டர் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. நீங்க வருஷா வருஷம் வாங்குறீங்க. உங்களை யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்களா?"

ஒரு பெண் சுண்டல் நன்றாக இருக்கிறது என்றாள். "இது சாமி காரியம்" என்றார் நாத்தனார்.

"கிரிக்கெட் ஆடுற பொம்மை வச்சிருக்கீங்களே, அதுவுமா?"

எல்லோரும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு நானும் எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் படிகளைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் புதுசா எதுவும் வாங்கலை, கவனிச்சியா?" என்றார்.

நான் கவனித்திருக்கவில்லை.

"மருமக வேண்டாம்னுட்டா. அவங்க ஃப்ளாட்ல வைக்க இடம் இல்லையாம். எனக்கப்புறம் இதை எல்லாம் யாரு எடுத்து வைப்பா? எதுக்கு மேல மேல சேர்க்கணும்னு விட்டுட்டேன். உன்னையும் அதுக்குத்தான் சொன்னேன். நாளைக்கு உன் பொண்ணு வந்து அதையெல்லாம் என்ன பண்ணுவா?"

"என்ன வேணாலும் பண்ணட்டும். அவளுக்காகவா வாங்கினேன்? அக்கா, உங்களுக்கு வாங்கணும்னு ஆசை இல்லாம போயிடுச்சா, இல்லை மருமக வேண்டாம்னதால விட்டுட்டீங்களா?"

அவர் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் சாயங்காலம் அவரை வம்படியாகக் கோயில் பக்கத்துப் பொம்மைக் கடைகளுக்குக் கூட்டிப்போனேன். "வேண்டாம், இடம் எங்க இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கருடசேவை செட் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். தீப்பந்தம் பிடிக்கிறவர் முகத்தில் வண்ணம் சரியில்லை என்று கடைக்காரரிடம் வேறு செட் எடுக்கச் சொன்னார். அதிலும் குறை. மூன்றாவதைப் பிரித்துக் காட்டியபோது கடைக்காரர் பெருமூச்சு விட்டார். ஆட்டோவில் திரும்பும்போது அதை மடியைவிட்டு இறக்கவில்லை. "கட்டிலுக்கு அடியில வச்சுக்கலாம்" என்றார், நான் எதுவும் கேட்காமலே. அதற்குப் பிறகு என் ரயிலைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

தீபாவளி கழிந்து ஒரு நாள் கடையிலிருந்து தகவல் வந்தது. நான் பதிவு செய்து வைத்திருந்த நீராவி என்ஜின் தயாராகிவிட்டது, அனுப்பலாமா என்று. படத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. சக்கரங்களுக்கு இடையில் இருக்கும் தண்டுகள்கூடத் துல்லியம். ஆனால் அது என் தண்டவாளத்தில் ஓடுவதாக நினைத்துப் பார்த்தால் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. எனக்குப் பிடித்ததெல்லாம் டீசலும் மின்சாரமும்தான். இதை வாங்கினால் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைப்பேன் என்று தோன்றியது. வேண்டாம் என்று எழுதி ரத்து செய்துவிட்டேன்.

இதை மகளிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பார்த்தாயா, கடைசியில் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டாய் என்பார்கள். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று பட்டது, விட்டேன். வேண்டும் என்று படும்போது வாங்குவேன். தை பிறந்ததும் எண்ணெய் ஏற்றும் டேங்கர் வண்டிகள் ஒரு வரிசை ஆர்டர் செய்தேன். இரண்டு என்ஜின் சேர்ந்து இழுப்பதற்குச் சுமை போதவில்லை. பார்சல் வந்தபோது நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

"இது ஏற்கெனவே இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

"ஒரே மாதிரி பன்னிரண்டு வந்திருக்கு. எல்லாத்துலயும் நம்பரை மாத்தணும். அந்த லென்ஸை எடுத்துக் கொடுங்க" என்றேன். எடுத்துக் கொடுத்தார்.