ரோசின் போடாத வில்

கமலினி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதப் படிக்கிறாள் என்று சொன்னால், திருவள்ளூரில் முக்கால்வாசிப் பேர் "கல்யாணத்துக்கெல்லாம் வருவாளா?" என்றுதான் கேட்டார்கள். கோவில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணும் அவள் அப்பா ஹயக்ரீவனுக்கே அந்தச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. சென்னையில் இசைக் கல்வியில் முதுகலை, கடைசி வருஷம். வயலின், செல்லோ, குழல் என்று ஒரு பெரிய கூட்டமே சேர்ந்து வாசிக்கிற இசையை மகள் எழுதுகிறாள் என்பது வரைக்கும் அவருக்குப் புரிந்திருந்தது. "அத்தனை பேரும் ஒரே சமயத்துல வாசிச்சா, யார் என்ன வாசிக்கறான்னு எப்படிம்மா தெரியும்?" என்று ஒருநாள் கேட்டார். கமலினி சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

படிப்பு முடிய இரண்டு வேலை பாக்கி. ஓர் ஆய்வு எழுத வேண்டும், சொந்தமாக ஓர் இசைப் படைப்பை மேடையேற்ற வேண்டும். கமலினி இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டாள். வாசிக்க வராத குழந்தை என்று ஒன்று கிடையாது, சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர்கள்தான் உண்டு என்பது அவள் ஆய்வு. அதை நிரூபிக்கக் கவரைப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடித்தாள். சிப்காட் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று பிள்ளைகளுக்கு வயலின் வாங்கிக் கொடுத்தது. திருவள்ளூரும் கவரைப்பேட்டையும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாறி, மறுபடி வடக்கே வரவேண்டும். அப்படி அலைந்து அலைந்து ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தாள். அவள் உழைப்பில் குறை சொல்ல முடியாது.

வகுப்பு எப்போதும் ரோசினில்தான் ஆரம்பிக்கும். அது ஒரு பிசின் கட்டி. வில்லில் கட்டியிருக்கும் குதிரை முடியில் அதைத் தேய்த்தால்தான் கம்பியைப் பிடிக்கும், சத்தம் வரும். தேய்க்காத வில் வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு இழுத்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. கட்டியைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கிற பொறுப்பு நர்மதாவுடையது. ஆறாம் வகுப்புப் பெண். அவள் அம்மா ரம்யா ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் வேலை பார்த்தாள். நர்மதாவுக்கு வயலின் என்றால் உயிர். ஆனால் கமலினி மிஸ் கை காட்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். நூறு தடவை சொல்லியும் ஆசை கையை முந்திக்கொண்டு போகும்.

கமலினி எழுதிய இசையின் முடிவில் கல்லூரி இசைக்குழு முழுக்க நின்றுவிடும். பிள்ளைகள் மட்டும் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, அது மெல்லத் தேயும் வரை இழுக்க வேண்டும். அந்த நிசப்தத்தில்தான் நர்மதாவின் வில் மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு கிறீச்சென்றது. ஒத்திகை பார்க்க வந்த பேராசிரியர் சுப்பராயன், "முடிவு ரொம்ப நல்லா இருக்கு. ஒரு வயலின் மட்டும் முந்துது. ரெக்கார்டிங்ல அதுதான் கேக்கும். பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நர்மதாவை மேடையேற்றாமல் விட்டால், வாசிக்க வராத குழந்தை கிடையாது என்ற ஆய்வு என்ன ஆவது? ஏற்றினால் முடிவு பாழ். கமலினி அன்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். வீட்டில் இன்னும் பிரிக்காத, ரோசினே படாத ஒரு புது வில் இருந்தது. அந்த யோசனை வந்தபோதே அது அசிங்கம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் செய்தாள்.

நிகழ்ச்சி கும்மிடிப்பூண்டியில், அந்தத் தொழிற்சாலையின் கலையரங்கத்தில். எல்லாரும் ரோசின் தேய்த்து முடித்து மேடையேறும் நேரம் பார்த்து, "நர்மதா, இது உனக்கு. புதுசு" என்று வில்லை நீட்டினாள். மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நர்மதா பழைய வில்லைத் தூக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, புதியதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கக் கமலினிக்குத் தெம்பில்லை.

இசை எந்தச் சிக்கலும் இல்லாமல் போனது. பிள்ளைகளின் முதல் இடம் வந்ததும் நர்மதா வில்லை இழுத்தாள். உடனே முகம் மாறியது. இன்னொரு தரம் அழுத்தி இழுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மிஸ்ஸைப் பார்த்தாள். முன்னே நின்று நடத்திக்கொண்டிருந்த கமலினி சட்டென்று பார்வையை இசைத்தாளுக்கு இறக்கினாள். கடைசிச் சுரத்துக்கு நிமிர்ந்துதான் ஆகவேண்டும். கை காட்டினாள். எல்லா வில்லும் ஒன்றாக அசைந்தன. சுரம் சுத்தமாக எழும்பி மெல்லத் தேய்ந்தது. சுப்பராயன் எழுந்து நின்று கைதட்டினார்.

கூட்டம் கலையும்போது ரம்யா கம்பெனி கோட்டோடு ஓடிவந்தாள். "அர நாள் லீவு போட்டுகினு வந்தேன் மிஸ். அவ்ளோ பேரு வாசிச்சாலும் எம் பொண்ணுது எனக்குத் தனியா கேட்டுச்சி. இன்னாடி, நீதான கடைசில?"

நர்மதா ஒரு கணம் மிஸ்ஸைப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றாள்.

ரம்யா யாரிடமோ போன் பேச ஒதுங்கியதும், நர்மதா வில்லை நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "மிஸ், இதுல ரோசின் போட மறந்துட்டீங்க. நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா அந்த சார் உங்கள திட்டுவாரு."

கமலினி வில்லை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள். நன்றி என்றா சொல்வது?

வீட்டுக்கு வந்தபோது ஹயக்ரீவன் தொன்னையில் கோவில் புளியோதரையை எடுத்து வைத்திருந்தார். "இன்னிக்கு உப்பு கம்மியாயிடுத்தாம். ரெண்டு மூணு பேர் சொல்லிட்டா" என்றார்.

"முன்னாடியே பாத்திருக்கலாமேப்பா." பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"நன்னா இருக்கே. பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி யாராவது வாயில வெச்சுப் பாப்பாளா? கைக்கு வந்தது அப்படியே போச்சு. குறையோ நெறையோ, அவர் ஏத்துண்டாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் கை அலம்பப் போனார். கமலினி தொன்னையை அப்படியே மூடி வைத்தாள். தான் செய்த காரியத்துக்குப் பெயர் திருட்டு என்றே தோன்றியது. எடுத்தது எது என்று மட்டும் தெளிவாகச் சொல்ல வரவில்லை.

திங்கட்கிழமை கவரைப்பேட்டைக்குப் போனபோது வகுப்பு வாசலிலேயே நர்மதா நின்றிருந்தாள். கையில் ரோசின் கட்டி. ஒவ்வொரு பிள்ளையின் வில்லையும் வாங்கி, கட்டைவிரலால் முடியைத் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள். அந்தப் புது வில்லுக்கும் வெள்ளைப் பொடி உதிர உதிரத் தேய்த்து வைத்திருந்தாள். "மிஸ்ஸுக்கு ஆயிரம் வேல. மறந்துடுவாங்க. இனிமே நான் பாத்துக்குறேன்" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கமலினியைப் பார்த்ததும், "உங்களுதும் குடுங்க மிஸ்" என்று கை நீட்டினாள்.

கமலினி கொடுத்தாள். நர்மதா தேய்க்க ஆரம்பித்ததும் கமலினிக்கு அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் உள்ளே போகும் வரை காத்திருந்து அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"நர்மதா, அன்னிக்கு நான் மறக்கலைம்மா. வேணும்னுதான் போடாம குடுத்தேன்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. நர்மதா கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் முன்னாடியே ஆரம்பிச்சிடுவேன்னா?"

"ஆமா. என் மேலதான் தப்பு. உன் மேல ஒண்ணுமே இல்ல."

நர்மதா மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். முன்னைவிட மெதுவாக. முழுக்கத் தேய்த்து முடித்து, விரலால் தொட்டுப் பார்த்து, வில்லைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னிக்கி நான் கரெக்டாதான் ஆரம்பிச்சேன் மிஸ்."

அது கமலினிக்கும் தெரியும். கடைசிச் சுரத்துக்குக் கை காட்டிவிட்டு அவள் அந்த ஒரு வில்லைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.