கீழ்த்தட்டில் இருந்த குழாய்கள்

ஆமத்தூரில் எங்கள் வீட்டுச் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு எனக்கும் தங்கச்சிக்கும் சொந்தம். எனக்கு ஆறு வயது, அவளுக்கு மூன்று. காலையில் அம்மா அதில் மூன்றே சாமான்கள் வைப்பாள். ஒரு நாள் சிரட்டைகள் இருக்கும், இன்னொரு நாள் அச்சாபீசில் கலர் பிசகிப்போன பட்டாசு லேபிள்கள். மற்றவை பரண்மேல் சாக்கில் கிடக்கும். எடுத்துத் தரவும் மாட்டாள், விளையாடச் சொல்லவும் மாட்டாள். வைத்துவிட்டு, வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக் கட்டுக் கட்ட உட்கார்ந்துவிடுவாள்.

"என்ன மதினி, பலசரக்குக் கடை போட்டிருக்கீக?" என்பாள் எங்கள் தட்டைப் பார்த்து அத்தை.

"கடைக்காரக என்னையக் கூப்பிடாம இருந்தாச் சரி," என்பாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

அப்பா லோடு ஏற்றும்போது காலை ஒடித்துக்கொண்டு படுத்திருந்த வருஷம் அது. அம்மா உருட்டினால்தான் சோறு. தீபாவளி சீசனில் ஒரு கட்டு குறைந்தாலும் மறுநாள் வேலை அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

அன்றைக்குத் தட்டில் கழித்துப்போட்ட கோணல் குழாய்கள், சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர், ஒரு தகர மூடி. தங்கச்சி மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் குழாய்களை நெருக்கி நிறுத்தி, அம்மா கட்டுவதுபோலவே ஆறு மூலை வர ரப்பரைப் போட்டேன். சரிந்தது. மதியம் சாப்பிட்ட பிறகும் அதே வேலைதான். சாயங்காலம் நின்றது. தங்கச்சி மேலே மூடியை வைத்துப் பார்த்தாள். அப்போதும் நின்றது.

கட்டுகளை எடுத்துப்போக பட்டாசு ஆலை வேன் வந்தபோது ஒரு கட்டு குறைந்தது. வேன்காரர் கண்ணில் என்னுடையது பட்டது. தூக்கி உள்ளே வைத்தார்.

"அது பிள்ளை கட்டுனது. கோணக் குழாய். எறக்குங்க தம்பி."

"நாலு கோணலா இருந்தா யாருக்குக்கா தெரியப்போகுது? ஏலே, நீயா கட்டுன? உங்கம்மா வேலைக்கே வேட்டு வச்சிருவ போலயே."

அம்மா சிரிக்கவில்லை. தானே ஏறி அதை இறக்கினாள். "செத்த நில்லுங்க, கட்டித் தாரேன்" என்று முறத்தில் காய்ந்துகிடந்த குழாய்களோடு உட்கார்ந்தாள். நாங்கள் தட்டுப் பக்கம் போய்விட்டோம்; ஒருவரும் அவள் முந்தானையை இழுக்கவில்லை. வேன்காரர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கட்டு தயார். மறுநாளுக்கான காகிதக் கட்டை வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கும் உங்களுக்குத்தான்க்கா" என்று போனார். அதற்குப் பிறகுதான் அம்மா சிரித்தாள்.

நான் என் கட்டைத் தெரு முழுக்கத் தூக்கிக் காட்டினேன். பிற்பாடு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்தாயிற்று. அன்று நடந்த நடையை மறுபடி நடந்ததில்லை.

மறுநாள் தட்டில் குழாய்கள் இல்லை, களிமண் இருந்தது. குழாய்கள் திரும்ப வரவும் இல்லை. கோணலாகக் கட்டியதில் அம்மாவுக்கு வருத்தம் என்று நினைத்தேன். நேரான குழாய் கிடைத்தால் அசத்திவிடலாம் என்று வீடெல்லாம் தேடினேன். என் கை அந்த வேலைக்குப் பழகிவிடுமோ என்றுதான் அவள் பயந்தாள். நேராகக் கட்டியிருந்தால் இன்னும் பயந்திருப்பாள். அது அப்போது எனக்கு விளங்கவில்லை.