பூட்டிய கேள்வி

பொன்மலரின் உழைப்பை அழித்தவன் நான். ஒரு முறை அல்ல, இரண்டு முறை! முதலில் விளையாட்டாக. பிறகு, தெரிந்தே.

சங்கரன்கோவிலில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். நீங்கள் கடைக்கு வந்தால் நீங்களும் என்னை நல்லவன் என்றே சொல்வீர்கள். அவசரப்படாதீர்கள்... முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் கூடிச் செய்துவந்தோம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆளுக்கொரு துண்டாக எழுதி, சேர்த்து, யாருக்கும் இலவசமாகக் கொடுத்தோம். எங்கள் ஊர்க் கோயில் புற்றை மனத்தில் வைத்து 'கரையான்' என்று நான்தான் பெயர் வைத்தேன். ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் அல்ல, கரை கண்டவர்களுக்கும் அல்ல, ஓரளவு தெரிந்தவர்களுக்கு என்று அதன் வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தோம். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்று தீர்மானிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நானே எடுத்துக்கொண்டேன்!

பொன்மலர் மேலநீலிதநல்லூர்க்காரி. விசைத்தறிச் சேலைகளுக்கு வீட்டிலிருந்தே கணினியில் பார்டர் வரைந்து கொடுப்பாள். அவளுடைய பழைய கணினி திணறியபோது கரையானைப் போட்டுக் கொடுத்தவன் நானே. "சந்தேகம்னா நெட்டுல எங்க குரூப்ல கேளும்மா, நம்ம ஆளுக உடனே சொல்லுவாக" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

அவள் கேட்டாள். தன் பெயரில் கேட்கக் கூச்சப்பட்டு, மகன் பெயரில் கேட்டாள். 'டிஸ்க் நிறைந்துவிட்டது, வேலையைச் சேமிக்க முடியவில்லை, என்ன செய்வது?' ஒருவரும் பதில் சொல்லாததால் மறுபடியும் கேட்டாள். மறுபடியும்...

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வழிகாட்டியைப் படிக்காமல் வந்து உயிரை எடுக்கிறானே ஒரு கல்லூரிப் பயல் என்று நினைத்தேன். எங்கள் குழுவில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. இப்படிக் கேட்பவர்களுக்குச் சொந்தக் கோப்புகளை எல்லாம் அடியோடு துடைத்துவிடும் ஒற்றை வரிக் கட்டளையை மருந்து போல எழுதிக் கொடுப்போம். விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கீழேயே இன்னொருவர் 'ஐயோ, இதைப் போட்டுராதீக!' என்று எழுதிவிடுவார். அதுவரைதான் விளையாட்டு.

அன்று அந்த வரியை நான் எழுதினேன். 'இதைப் போடு, இடம் தாராளமாகக் கிடைக்கும்' என்றும் சேர்த்தேன். எழுதிய கையோடு, குழு நிர்வாகி என்ற திமிரில், அந்தக் கேள்வியைப் பூட்டினேன். பூட்டிய கேள்விக்குக் கீழே யாரும் ஒரு சொல் எழுத முடியாது. எச்சரிக்க நினைத்தவனின் வாயையும் நானே அடைத்தேன். பிறகு டீ குடிக்கப் போனேன்!

மறுநாள் கணினியைத் துணிப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"அண்ணாச்சி, குரூப்ல ஒரு அண்ணன் சொன்னத அப்படியே போட்டேன். ஒண்ணுமே இல்லாம போயிட்டு. ஆடித்தபசுத் திருநாளுக்குக் குடுக்க வேண்டிய டிசைன் பூரா இதுலதான் இருந்துச்சு. பத்திரமா இருக்கட்டும்னு ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டா வச்சிருந்தேன்..."

இரண்டு பிரதிகளும் ஒரே டிஸ்கில்! அதனால்தான் இடம் நிறைந்திருக்கிறது. ஓரளவு தெரிந்தவர்கள் செய்யும் தவறு அது. அதைச் சொல்லித் தரத்தான் நாங்கள் இருந்தோம்.

போனைத் திறந்து அந்தப் பதிலைக் காட்டினாள். அதன்மேல் இருந்தது குழுவில் நான் வைத்திருந்த புனைபெயர். அது யாரென்று அவளுக்குத் தெரியாது.

இங்கேதான் என்னை நீங்கள் காறித் துப்ப வேண்டும்... அழிந்த கோப்பு உடனே இல்லாமல் போவதில்லை. அதன்மேல் வேறொன்றை எழுதாதவரை உள்ளேதான் கிடக்கும். முயன்றிருந்தால் பாதியாவது மீண்டிருக்கும். ஆனால் மீட்டுக் கொடுத்தால் டிஸ்க் நன்றாக இருப்பது தெரிந்துவிடும், யார் அந்த அண்ணன் என்ற பேச்சு எழும், தோண்டுவார்கள், என் பெயர் வரும். இவ்வளவையும் நான் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். பயம் வந்தால் மூளை என்னமாய் வேலை செய்கிறது!

"டிஸ்க் பழசும்மா. அதான் போயிட்டு. புதுசு போட்டுத் தாரேன், நீ ஒண்ணும் தர வேண்டாம்."

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் போனதும் பழைய டிஸ்கைக் கழற்றி, கடைக்குப் பின்னால் கல்லில் வைத்துச் சுத்தியலால் உடைத்தேன். குழுவில் போட்ட பதிலையும் நீக்கினேன். எவ்வளவு சுத்தமான வேலை!

தறி முதலாளி காத்திருக்கவில்லை. வேலை வேறு கைக்குப் போயிற்று. அடுத்து வந்த வேலைகளும் அங்கேயே போயின. இப்போது பொன்மலர் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் பழம் தரம் பிரிக்கிறாள். தெரியாத கட்டளையைப் போடாதீர்கள் என்று கரையானின் வழிகாட்டியில் இன்று ஒரு பக்கம் இருக்கிறது. எழுதியவன் நான். தெளிவாக எழுதியிருப்பதாகக் குழுவே பாராட்டியது. வெட்கமில்லாமல் நன்றி சொன்னேன்...

சென்ற வாரம் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தாள். மேசையில் கரையான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். உட்கார்ந்து பாரேன் என்றேன். எதற்குச் சொன்னேனோ! இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. அந்த அண்ணன் சரியாத்தான் சொல்லியிருப்பாரு. நான்தான் எதையோ தப்பா அடிச்சி டிஸ்க கெடுத்துட்டேன். நமக்கு இதெல்லாம் வராது."

இதோ, வாய்ப்பு! கடையில் வேறு யாரும் இல்லை. நான்தான் அந்த அண்ணன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

"எல்லாருக்கும் வந்திராதும்மா" என்றேன்.

அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.