மாமி பார்த்த படங்களும் இன்றைய கிளினிக்கும்

இன்று கண்டியில் மனநல கிளினிக்குக்குப் போய் வந்தேன். பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எதற்கெடுத்தாலும் பயம்.

தெல்தோட்டையிலிருந்து மாமியும் வந்திருந்தார், என் கணவரின் அம்மா. பிள்ளையைத் தூக்கிக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது காதருகே கேட்டார்.

"தலையில கரண்டு வச்சிருவாங்களா புள்ள?"

"யாரு மாமி சொன்னா?"

"எத்தன படத்துல பாத்திருக்கேன். கட்டிலோட கட்டிப்போட்டு வைப்பானுங்க. அப்புறம் பெத்த புள்ளயவே அடையாளம் தெரியாது."

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதே படங்களை நானும்தான் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்கிய நானே இத்தனை மாதம் இந்தப் பக்கம் வரவில்லையே.

உள்ளே டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். "ராத்திரியில தூங்குறீங்களா? புள்ளய யாராவது கொஞ்ச நேரம் வாங்கி வச்சிக்கிறாங்களா?"

இரண்டாவது கேள்விக்கு அழுதுவிட்டேன்.

வெளியே வந்ததும் மாமி என் முடியை ஒதுக்கி, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பிள்ளையை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இது யாரு, சொல்லு?"

மகளின் பெயரைச் சொன்னேன். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"அப்ப என்னதான் கேட்டாங்க?"

சொன்னேன், இரண்டு கேள்வியையும். எங்கள் குண்டசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை மாமி பிள்ளையை என்னிடம் திருப்பித் தரவே இல்லை.

இன்றிரவு பிள்ளை மாமியோடு தூங்குகிறது. நான்தான் பழக்கதோஷத்தில் விழித்திருக்கிறேன்.

"தூங்குறீங்களா" என்று மட்டும் கேட்கிற டாக்டர் வரும் படம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்கு முன் மாமிக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.