மஞ்சள் மூலையில் வெட்டிய தங்கம்

கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் காய்ந்த பிறகு ஒரு வாசனை வருமே, அதை முகர்ந்து பார்க்காமல் நான் எந்தப் பத்திரிகையையும் பிரித்ததில்லை. மணமக்கள் பெயரெல்லாம் அப்புறம்தான். இந்தப் பழக்கம் சிதம்பரத்தில், என் தாய்மாமன் வீட்டில், 2008ஆம் வருடத்துப் "பெரிய லீவில்" தொற்றியது.

நாங்கள் கடலூர். முழுப்பரீட்சை முடிந்த கையோடு அம்மா என்னைத் தன் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவாள். அங்கே மாமா மகன் ஜெகன், என் வயதுக்காரன், வாய் மட்டும் என்னைவிட ஒரு முழம் நீளம். "கரண்ட் கட்" புண்ணியத்தில் டிவியும் ஓடாத ஒரு மத்தியானம், பிரவுசிங் சென்டரில் யாரோ விட்டுப்போன தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மச்சான், இது ஜப்பான்காரன் செஸ்ஸு. மூளை ஜாஸ்தி வேணும். நீ சும்மா பாரு" என்றான்.

இங்கிலீஷ் விதிகளை எழுத்துக்கூட்டிப் படித்தபடியே, சுவரோரம் கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய பத்திரிகைகளை உருவிக் காய் வெட்டினோம். ராஜாவுக்குக் காவல் நிற்கும் "தங்கம்" ஆளுக்கு இரண்டு. அதை மட்டும் மஞ்சள் பட்ட மூலையில்தான் வெட்டவேண்டும் என்பது ஜெகனின் சட்டம். எனக்குச் சிவப்பு ஸ்கெட்ச், அவனுக்கு நீலம். ஆட்டத்தில் எதிராளியின் முதல் காயை வெட்டிய பிறகுதான் அடுத்த தாளைப் படித்தோம். இந்த ஆட்டத்தில் வெட்டுப்பட்ட காய் சாவதில்லையாம். வெட்டியவன் கைக்கு வந்து, அவன் முறையில் அவன் ஆளாகவே காலிக் கட்டத்தில் இறங்குமாம். யார் பக்கம் என்பதை நிறம் சொல்லாது, காயின் கூர்மூக்கு பார்க்கும் திசைதான் சொல்லும். சாயம் பூசியதெல்லாம் வீண்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "வெட்டுன ஆளே எதிர்ப்பக்கம் போயி நிக்கிறானா? நம்ம சொந்தக்காரங்க ஆட்டம்டா இது" என்றாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார், அம்மாவும்கூட. அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

சாயமில்லாமல் மறுபடி வெட்டி, லீவு முழுக்க ஆடினோம். எதிரியின் கடைசி மூன்று வரிசைக்குள் நுழைந்த காயைப் புரட்டிப் போட்டால் பலம் கூடும். புரட்டினால் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதிப் பெயர் தெரியும். தங்கத்துக்கும் ராஜாவுக்கும் மட்டும் அந்த யோகம் கிடையாது.

லீவு முடிந்து எங்களை அழைத்துப்போக அப்பா வந்த அன்று, தாத்தாவின் அண்ணாகிராமத்து முந்திரித் தோப்பில் அம்மாவுக்குப் பங்கு உண்டா இல்லையா என்ற பேச்சு வெடித்தது. உள்ளே நான் அப்போதுதான் ஜெகனின் தங்கம் ஒன்றை வெட்டி எடுத்திருந்தேன். பதிலுக்கு அவன் ஒரு காயை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எழுந்திர்றா. இந்த வூட்ல இனிமே தண்ணிகூட குடிக்கக் கூடாது" என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். ஜெகன் வாசல்வரை ஓடிவந்தான்.

"மச்சான், தங்கத்த பத்திரமா வச்சிரு. அடுத்து உன் ஆட்டம்தான்!"

கடலூர் வரும்வரை அம்மா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். என் உள்ளங்கை மஞ்சள் மணத்தது. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. ஜெகன் எங்கள் வீட்டுக்கு வருவானா என்று எத்தனை லீவுகள் ஏங்கினேன்!

அந்தப் பிரவுசிங் சென்டர் இன்று செல்போன் கடை. பத்திரிகை குத்தும் கம்பியும் எந்த வீட்டிலும் இல்லை. போன மாதம் ஜெகனின் கல்யாணப் பத்திரிகை என் வாட்ஸ்அப்பில் வந்தது, வெறும் படமாக, ஒரு வார்த்தைகூட இல்லாமல். "போன்ல அனுப்பிட்டா பத்திரிகை வெச்ச மாதிரி ஆயிடுமா?" என்றார் அப்பா. அம்மா போனை வாங்கி, தம்பியின் பெயர் இருந்த இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தங்கம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. மூலை வெளுத்துவிட்டது, முகர்ந்தால் தோல் வாசனைதான் வருகிறது. ஜெகனுக்கு இன்னும் பதில் போடவில்லை. இத்தனை வருடமும் அவன் வரவேண்டும் என்றே காத்திருந்தேன். அடுத்த ஆட்டமோ அன்றிலிருந்து என்னுடையதாக இருக்கிறது.