கொக்கியில் தொங்கிய கருவி

பட்டறையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண்ணெய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தே பதினாறு வருடத்தை ஓட்டியவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று எண்ணெயில் மூழ்கிய தகட்டின் அருகே வரும். நடுவே மின்பொறி தாவும். ஒவ்வொரு பொறியும் தகட்டைத் துளித் துளியாகக் கடித்துத் துப்பும். அப்படிக் குடைந்த தகடுகள்தான் சட்டையில் மாட்டிக்கொள்ளும் வாயுக் கருவிக்குள் போகின்றன. கருவிக்குள்ளும் பொறிதான். அது தாவும்போது வரும் ஒளியின் நிறம் மாறினால், காற்றில் விஷவாயு இருக்கிறதென்று கருவி கத்தும்.

அவள் அண்ணனிடமும் அப்படி ஒன்று இருந்தது. அது கத்தவில்லை என்றார்கள். ரசாயனத் தொட்டியைக் கழுவ இறங்கிய மனிதர் ஏறி வரவேயில்லை.

பாவம், அவளுக்கு நிம்மதியாக அழக்கூட வாய்க்கவில்லை. தப்பு என் தகட்டிலா என்ற ஒரே கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. பொறி தகட்டை மட்டுமா தின்கிறது, கம்பியையும் சேர்த்துத் தின்கிறது. பத்துத் துளைக்கு ஒருமுறை கம்பி முனையைச் சரிசெய்யாவிட்டால் பதினோராவது துளையின் ஆழம் குறைந்து, கருவி வாயுவைத் தவறவிடலாம். அவள் ஒருநாளும் சோம்பியதில்லை. ஆனாலும் கண் அசந்த ஒரு மதியம் இருந்திருக்காதா?

எட்டாம் நாள் கருவி சோதனைக்காக அவள் பட்டறைக்கே வந்தது. "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் மேற்பார்வையாளர். அவளா கேட்பாள்? கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வாயுவைக் கொஞ்சமாகத் திறந்தாள். உடனே வீறிட்டது. ஐந்து முறை சோதித்தாள், ஐந்து முறையும் வீறிட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவளுக்கு, அப்படிச் சாய்ந்ததற்காகவே தன்மேல் வெறுப்பு வந்தது.

கருவியைக் கொண்டுவந்தவர் அண்ணனோடு தொட்டி கழுவுபவர். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. அன்னைக்கு இது தொட்டிக்குள்ள வரவே இல்ல. வெளிய கொக்கியில மாட்டிட்டுத்தான் இறங்கினாரு."

"ஏன்?"

"தீப்பெட்டி, ஃபோன் எதையும் உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு இருபது வருஷமா எங்க மண்டையில ஏத்தி வச்சிருக்காங்களே. 'இதுக்குள்ளயும் பொறி பறக்குதாம், என் தங்கச்சியே சொன்னா. வெடிச்சா நீங்களும்ல சாவீங்க'ன்னாரு."

விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட வந்திருந்தார். "வேலைக்குப் போறப்ப நெஞ்சுல மாட்டிக்கறியே, அதுக்குள்ள நொடிக்கு நொடி பொறி பறக்குது, தெரியுமாண்ணா?" என்று இவள்தான் பெருமை அடித்துக்கொண்டாள். "நிஜமாவா?" என்று அவர் சாப்பாட்டை மறந்து கேட்டார். "பின்னே?" என்று சிரித்தாள். அந்தப் பொறியைச் சுற்றி நெருப்பு வெளியே போகாதபடி ஒரு கம்பிவலை உண்டு. அதையும் பொருத்துவது அவள்தான். பெருமையில் அதைச் சொல்ல விட்டுப்போனது.

சாயங்காலம் அண்ணி கதவைத் திறந்ததுமே கேட்டாள். "உன் மெஷின் அவரைக் கைவிட்டுடுச்சா?"

ஆமாம் என்றால் ஒருவரும் தோண்டித் துருவப் போவதில்லை.

"அது நல்லாத்தான் இருக்கு அண்ணி. நான்தான் அண்ணன்கிட்ட பாதிய மட்டும் சொன்னேன்."

"என்ன பாதி?"

இந்த முறை அவள் எதையும் விடாமல் சொன்னாள்.