புள்ளி புள்ளியாகத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை

கேபிள் சவரி அண்ணன் இறந்துவிட்டார்.

முந்தாநாள் காலையில் யார் வீட்டு மாடியிலோ ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான். நேற்று சேதி தெரிந்து விழுப்புரத்திலிருந்து நான் பஸ் பிடித்துப் போவதற்குள் கல்லறைக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

தெரியாதவர்களுக்காக... தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் எங்கள் ஏரியாவுக்கு முதன்முதலில் டிஷ் வைத்தவர் அவர்தான்.

அந்தப் பெரிய குடையில் மழைத் தண்ணீர் தேங்கினால் எங்கள் வீட்டு டிவி வழியாகச் சொட்டும் என்று சின்ன வயதில் நம்பினேன். மழை வந்தால் டிவிக்குக் கீழே டம்ளர் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கே பார்த்தாலும் "இன்னா பாப்பா, டம்ளர் ரொம்பிச்சா?"தான்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று எழுதுகிறேன். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. இனி யாருக்காக மறைக்க வேண்டும்?

விழுப்புரம் காலேஜில் இரண்டாம் வருடம்; தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஒரு டிவி பாட்டுப் போட்டிக்கு செலக்ட் ஆகி, சென்னைக்கு ஷூட்டிங் போனேன். பாடி முடித்ததும் ஒரு ஜட்ஜ், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறார் என்றேன்.

"அதான் குரல் இப்படி இருக்கு. எங்கே, அப்பா மாதிரி கூவிக் காட்டு."

கூவினேன். "பிஞ்சே... வெள்ளரிப் பிஞ்சே..."

மூன்று தடவை கூவச் சொன்னார்கள். "நீ எதுக்கும்மா மைக் பிடிக்கிற? கூடையைப் பிடி" என்றார் இன்னொருவர். அந்த லைட்டில் எதிரே ஒரு முகம்கூடத் தெரியவில்லை... சிரிப்பு மட்டும் இருட்டிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

நானும் சிரித்தேன். அப்பாவை வைத்து அவர்கள் சிரிக்க, நானும் கூடச் சிரித்தேன். அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

வீட்டில் "அடுத்த ரவுண்டுக்கு செலக்ட் ஆகலப்பா" என்று மட்டும் சொன்னேன். அப்பா கவலையே படவில்லை. "டிவியில வர்றல்ல, அது போதும்" என்று பஸ் பஸ்ஸாக ஏறி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சவரி அண்ணனோ லோக்கல் சேனலில் ஸ்க்ரோல் ஓட்டினார்... "நம்ம ஊர் பொண்ணு, ஞாயிறு காலை பதினோரு மணிக்கு. காணத் தவறாதீர்கள்."

சனிக்கிழமை மதியம் அவருடைய கேபிள் ரூமுக்குப் போனேன். "அண்ணே, நாளைக்கு அந்த ப்ரோகிராம் நம்ம ஊர்ல தெரியக் கூடாது."

"இன்னாம்மா சொல்ற? ஒரு வாரமா ஸ்க்ரோல் ஓட்டிக்கினு இருக்கேன்."

"அப்பா பாக்கக் கூடாதுண்ணே..." அழுதுவிட்டேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. டீ வாங்கி வரச் சொல்லி, நான் குடித்து முடிக்கும் வரை டிவிப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "விழுப்புரம் என் லைன் இல்லம்மா. நம்ம ஊருக்கு நான் பாத்துக்கறேன், நீ போ."

ஞாயிற்றுக்கிழமை அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதித் தெரு எங்கள் வீட்டில்தான். பதினோரு மணிக்கு, அந்த ஒரு சேனல் மட்டும் புள்ளி புள்ளி. ஸ்ஸ்ஸ் என்று சத்தம். வெயில் நேரத்தில் டிவிக்குள் மட்டும் மழை பெய்கிற மாதிரி...

அப்பா டிவியின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு நேரே கேபிள் ரூமுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"யோவ் சவரி! வருசம் பூரா தெரியுது, எம் பொண்ணு வர்ற அன்னிக்குத்தான் ஒனக்குப் பேஜாரு ஆவுதா? நீயெல்லாம் மனுசனாய்யா?" இன்னும் என்னென்னவோ. எழுத முடியாது.

"ரிசீவர் பூட்ச்சிங்க. தப்புதாங்க, மன்னிச்சிக்கோங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார் சவரி அண்ணன். நான் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை அதையே மறுபடி போட்டார்கள். புதன்கிழமையும் ரிசீவர் ரிப்பேர்.

விழுப்புரம் காலேஜில் வராண்டாவில் நடந்தாலே "பிஞ்சே பிஞ்சே" என்று கூவினார்கள். மாதக் கணக்கில். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் தூங்கி, திண்டிவனத்தில் கண் விழித்து இறங்கினால் யாருக்கும் எதுவும் தெரியாது... எது நிஜம் என்றே சில நாள் குழம்பும். அப்பா கூடையோடு எதிரே வருவார்.

அப்பா கடைசி வரை சவரி அண்ணனிடம் பேசவில்லை. அப்பாவின் சாவுக்கு மாலையோடு வந்து, வரிசையில் கடைசி ஆளாக நின்றார் அவர்.

நேற்று அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா பீரோவிலிருந்து ஒரு சிடி எடுத்துக் கொடுத்தார்.

"மறுபடி போட்ட அந்தப் புதன்கிழமை, ஊருக்குப் போற ஒயரைப் பிடுங்கிட்டு, ரூம்ல இவரு மட்டும் பாத்தாரும்மா. சோறு எடுத்துக்கினு போனா அழுதுக்கினு இருக்காரு. நீ பாடினதை மட்டும் வெட்டி இதுல வெச்சாரு. அப்பாருக்குக் குடுக்கலாம்னா அவரு மூஞ்சியே பாக்கல. ஒனக்குக் குடுங்கன்னேன்... 'குடுத்தா நான் பாத்தது தெரிஞ்சிடும், அந்தப் பொண்ணு கூச்சப்படும்'னுட்டாரு."

இத்தனை வருடமும் அதே டம்ளர் கிண்டல்தான் அண்ணே செய்தீர்கள். ஒரு நாள்கூட உங்கள் முகம் மாறவில்லை.

இன்று காலை அந்த சிடியைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை நிமிஷம். பச்சைத் தாவணியில் நான் பாடுகிறேன். பாடி முடித்துக் கும்பிடுகிறேன். ஜட்ஜ் மைக்கை எடுக்கிறார்... உடனே புள்ளி புள்ளி.

போய் வாங்க சவரி அண்ணே. டம்ளர் ரொம்பிடுச்சு.